வாளியை யார் எடுப்பது

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. தொண்டை அடைத்துக்கொள்ளும், காது சூடாகும், அவ்வளவுதான். புனேயில் கோர்படி ரயில் யார்டில் பெட்டி கழுவும் வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு மேஸ்திரியிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஊமை என்று இந்தியில் கேலி செய்வார்கள். அந்தத் தீவில் நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்தது. மிச்சத் தமிழ் எல்லாம் நாங்கள் இருக்கும் கேம்ப் பகுதியில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது.

என்னையும் என் மனைவியையும் அங்கே அழைத்துப் போனது மகளும் மருமகனும். புனேயிலேயே பாணேரில் உயரமான கட்டடத்தில் வீடு, இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. மருமகனுக்குக் கோயம்புத்தூர். அவர் நல்லவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரலில் ஒரு நாளும் அலட்சியம் கிடையாது. காய்கறித் தோலைக் குப்பையில் போடாமல் பால்கனியில் ஒரு மண்பானையில் போட்டு உரமாக்குவார். கடைக்குப் போனால் துணிப்பை. எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசு என்று சொல்லி, அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில் இயற்கையோடு இருக்கிற விடுதி ஒன்றில் இடம் பிடித்துவிட்டு, பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். என் மனைவிக்குக் கடலில் கால் நனைக்க ஆசை. நான் தலையை ஆட்டினேன்.

படகிலிருந்து இறங்கியதும் இளநீர் கொடுத்தார்கள். விடுதி மேனேஜர் தாடி வைத்த சின்ன வயசுக்காரர், வெறுங்காலோடு மணலில் நின்றார். முதலில் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு இந்திக்கு மாறினார். இங்கே பிளாஸ்டிக் கிடையாது, சோப்பு கிடையாது, ஏசி கிடையாது, வெளிச்சம் வெயிலிலிருந்து வருகிறது என்றார். என் மனைவி ஊறுகாய் கட்டிக்கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் பையை ஒரு பெண் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனாள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை.

கடைசியாகக் கழிப்பறையைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் ஊற்றக்கூடாது. பக்கத்தில் தேங்காய் நார்த்தூள் இருக்கும், ஒரு குவளை அள்ளிப் போட்டு மூட வேண்டும். நாற்றமே வராது. அதற்கப்புறம் அது போய் மண்ணாகிவிடும் என்றார். மருமகன் ஆச்சரியத்தில் புருவத்தை உயர்த்தினார். நான் காத்திருந்தேன். எப்படிப் போகும், யார் கொண்டுபோவார்கள் என்பதைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கடலாமையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

குடிசைக்குள் போனதும் என் மனைவி கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"இன்னாங்க இது. ஏரோப்பிளேன் ஏறி இம்மாந் தூரம் வந்தது பூனையாட்டம் மூடிட்டுப் போறதுக்கா?"

நானும் சிரித்தேன். ஆனால் பலகையைத் தூக்கிக் கீழே பார்த்திருந்தேன். உள்ளே ஒரு வாளி இருந்தது. வாளிக்குப் பின்னால், வெளிச்சுவரில், ஒரு சின்ன மரக்கதவு.

எனக்கு ஷிப்ட் வேலையின் பழக்கம். எங்கே படுத்தாலும் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே விழித்துவிடுவேன். மறுநாள் எழுந்து குடிசையின் பின்பக்கம் போனேன். ஒரு பெண் குனிந்து அந்த மரக்கதவைத் திறந்து எங்கள் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் மன்னிப்புக் கேட்டாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டாள். உள்ளேயிருந்து என் மனைவி யாருங்க என்று கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது.

"தமிழா நீங்க? அண்ணே, நீங்க பாத்ததை ஆருக்கிட்டயும் சொல்லிப்புடாதீக."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து அந்தமானுக்கு வந்துவிட்ட குடும்பம். புருஷன் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். சாயங்காலப் படகில் பெரிய தீவுக்குப் போய் அவருக்குக் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டிவிட்டு, விடியுமுன்னே மீன்காரர் படகில் திரும்பி வருகிறாள். மற்ற விடுதிகளில் வேலை கேட்டால் அங்கேயே தங்கச் சொல்கிறார்களாம். வீட்டுக்குப் போக விடுகிற வேலை இது ஒன்றுதான். இங்கே ஒரு சட்டம்: வாளியோடு அவள் விருந்தினர் கண்ணில் படக்கூடாது. முன்பு ஒரு தடவை யாரோ பார்த்துவிட்டு, காலையில் மனசே கெட்டுவிட்டது என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒரேயடியாகப் படகு ஏற்றி அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

கையுறை கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"குடுத்தாக. கிழிஞ்சு போச்சு. வேற கேட்டதுக்கு, ரப்பரு தீவுக்கு ஆகாதுன்னாக. துணியைச் சுத்திக்கிட்டா தெறிக்காதுண்ணே."

இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. ரப்பர் தீவுக்கு ஆகாதாம். அவள் கைக்கு அந்த வாளி மட்டும் ஆகும்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் புனே கேம்ப்பில் பெரிய பங்களாக்களில் கக்கூஸ் வாளி எடுத்தவர். அந்த பங்களாக்களின் பின்பக்கம் ஒரு சந்து போகும். அந்தச் சந்துக்கு வேறு உபயோகம் கிடையாது. முன்பக்கத்துத் தோட்டம் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. வேலை முடிந்து வந்தால் குழாயடியில் குளித்துவிட்டு, வெயிலில் தனியாக உட்கார்ந்திருப்பார். நானும் என் தங்கையும் பக்கத்தில் போனால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். சாயங்காலம் ஆனால்தான் தொடுவார். எனக்கு ரயில் பெட்டி கழுவும் வேலை கிடைத்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, கையால் எடுக்க வேண்டுமா என்பதுதான். இல்லை, குழாயால் தண்ணீர் அடிப்போம் என்றேன். அன்று அவர் ஸ்வீட் வாங்கி வந்தார்.

எத்தனை பேர் செத்து, எத்தனை பேர் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் போய் அந்த வாளியை ஒழிக்கப் பார்த்தார்கள். இப்போது அது மூங்கில் குடிசைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, பூமியைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. அதே வாளி. அதே பின்கதவு. அதே மாதிரி, விடிவதற்கு முன்னால் வந்து போய்விட வேண்டிய ஒரு ஆள். இதைப் பார்க்கத்தான் என் மகள் லீவு போட்டு எங்களை ஏரோப்பிளேனில் கூட்டி வந்திருக்கிறாள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. நம்முடையதை நாமே எடுத்துவிடலாம், அவளுக்கு ஒரு வாளியாவது குறையும் என்றாள். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொன்னால் அவளுக்கு அவமானமாக இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து நான் எடுத்தேன். அந்தப் பெண் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் அண்ணே, பாவம் சேரும் என்றாள். எங்களுடையது மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, செடிகளுக்கு நடுவில் அவள் போகும் பாதையிலேயே போனேன். கடலோரத்துப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஓலைத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். முடிவில் குழிகள் இருந்தன. கொட்டிவிட்டு, வாளியைக் கழுவி, திரும்ப வைத்தேன். இரண்டாவது நாள் என் மனைவி மூடியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். கல்யாண நாள் பரிசு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாங்கள் நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

விருந்தாளியாக வந்த இடத்தில் விருந்தாளி வேலை செய்தால், அந்த அடி வேலைக்காரியின் தலையில்தான் விழும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போனது. நாங்கள் எங்கேயும் விருந்தாளியாகப் போய்ப் பழகாதவர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருகிறவர்கள்.

மும்பையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் தினமும் விடியற்காலையில் மணலில் யோகா செய்வார். ஒரு நாள் தட்டியின் இடைவெளியில் என்னை வாளியோடு பார்த்துவிட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. கைகூப்பினார். காலைச் சாப்பாட்டின்போது மேனேஜரிடம் போய், விருந்தினர்களையே இந்தச் சேவையில் ஈடுபடுத்துகிறீர்களே, எவ்வளவு அழகு, எனக்கும் ஒரு நாள் வாய்ப்புக் கொடுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி பாராட்டினார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து போனார். நாங்கள் பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மருமகனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊழியர் ஒருத்தி உங்கள் பெரியவரை வேலை வாங்கியிருக்கிறாள், அந்தப் பெண்ணை மத்தியானப் படகில் அனுப்பிவிடுகிறோம் என்றார்.

என் மகள் முகத்தில் ரத்தம் ஏறியது. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, க்யா ஹை யே, என்ன இது? ஏன் இப்படி பண்ணீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

மருமகன், மாமா ஏதாவது பிரச்சினை இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். எப்போதும் போல எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தப் பெண் தூரத்தில் சமையல் கட்டு ஓரம் நின்றுகொண்டிருந்தாள். துண்டை மூக்கிலிருந்து இறக்கியிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

இந்தியில் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாக எடுத்தேன் என்றேன். ஏன் என்று மேனேஜர் கேட்டார்.

"எங்கப்பா புனேல இந்த வாளியைத்தான் எடுத்தார். என்னோடதை இன்னொரு ஆள் தூக்க நான் விடமாட்டேன்."

என் குரல் நடுங்கியதா உயர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா ராணுவக் கன்டோன்மென்ட்டில் வேலை பார்த்தார் என்றுதான் அவள் தன் புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். அங்கிள், அது வேறு, இது வேறு, இங்கே இது உரம், இது கண்ணியமான வேலை, இங்கே யாரும் யாரையும் கீழாகப் பார்ப்பதில்லை என்றார். கண்ணியமான வேலையை ஏன் ஓலைத் தட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள், அவளை ஏன் யாரும் பார்க்கக்கூடாது, நாளைக்கு நீங்கள் எடுங்கள் என்று நான் கேட்டேன். பாதி வார்த்தை வந்தது, பாதி உள்ளேயே நின்றது. அவர் புன்னகை செய்தார். எல்லாருக்கும் ஒவ்வொரு பங்கு இருக்கிறது என்றார். அந்தப் புன்னகையை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

மருமகன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். மாமா, அந்தக் காலத்தில் அது கட்டாயம், இப்போது இது சாய்ஸ் என்றார். என் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா மாப்ள, சாய்ஸான்னு?" என்றாள்.

அவர் பப்பாளித் தட்டைத் தள்ளி வைத்தார்.

நான் எழுந்து சமையல் கட்டுப் பக்கம் போனேன். விருந்தினர் அங்கே வரக்கூடாது என்று பலகை இருந்தது. அந்தப் பெண் தன் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனேன். நான் அவளுக்காகப் பேசினேன் என்று சொல்லவும் நினைத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"நான் கேட்டனா உங்களை? வாளியைத் தூக்குங்கன்னு நான் கேட்டனாண்ணே? உங்க கோவம் உங்களோட ஏரோப்பிளேன் ஏறிப் போயிரும். நான் எந்தப் படகுல போக? வேற எடத்துல தங்கி வேலை பாத்தா அங்கன கெடக்குற மனுசனுக்கு ஆரு சோறு ஊட்டுறது?"

பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"போயி மேனேசர்கிட்டச் சொல்லுங்க. தெரியாமப் பண்ணிட்டேன், இனிமே பண்ணமாட்டேன்னு சொல்லுங்க. அவருக்கு அதான் வேணும். பெரிய நியாயமெல்லாம் வேணாம்."

அவள் அழவில்லை. என்னைத் திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அவள் சொன்னதில் தவறு இருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

போனேன். மேனேஜர் தொங்கு ஊஞ்சலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று, என் மேல்தான் தவறு, வயசான புத்தி, ஏதோ பழைய ஞாபகத்தில் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன், அந்தப் பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த அத்தனையும் பொய். கோபத்தில் வராத வார்த்தை கெஞ்சும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். பரவாயில்லை அங்கிள், உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்றார். அவள் இருக்கலாம், ஆனால் இனி ஒரு புகாரும் வரக்கூடாது, நீங்கள் நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்றார். என் அப்பாவுக்கும் அவரே மன்னிப்பு வழங்கிவிட்டது போல இருந்தது.

மகள் அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு மணலில் வந்து உட்கார்ந்தாள். தாத்தா கதையை இவ்வளவு பேர் நடுவில் சொல்லணுமா அப்பா என்றாள். சொல்லக்கூடாத கதையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவள் படித்த பள்ளியிலும், வேலை செய்கிற ஆபீஸிலும், பாணேரில் குடியிருக்கிற கட்டடத்திலும் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோபத்தில் பாதி அவளுக்குச் சேராது.

புனே திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாணேருக்குப் போயிருந்தோம். மருமகனின் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். பெரிய டிவியில் தீவுப் படங்கள் ஓடின. கடல், ஆமை, மூங்கில் குடிசை. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். மருமகன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். விடுதியைப் பற்றிக் கம்ப்யூட்டரில் மார்க் போட்டு எழுதச் சொல்லி விடுதிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், இன்னும் போடவில்லை என்று சமையலறையில் மகள் தன் அம்மாவிடம் சொன்னாளாம். உண்மையை எழுதலாம். எழுதினால் யாரைப் படகேற்றுவார்கள் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அப்படி ஒரு இடத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வாயைத் திறந்தாலும் அவளுக்குத்தான் அடி, மூடிக்கொண்டாலும் அவளுக்குத்தான் வாளி.

நான் மன்னிப்புக் கேட்ட மறுநாள் விடியலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வழக்கம் போல விழித்துவிட்டேன். என் மனைவியும் விழித்திருந்தாள். இருவரும் அசையாமல் படுத்திருந்தோம். செடிகளை விலக்கிக்கொண்டு யாரோ வரும் சத்தம் கேட்டது. பின்சுவரில் மரக்கதவு திறந்தது. வாளி மண்ணில் உரசிக்கொண்டு வெளியே போனது. என் கால்கள் தாமாகவே கட்டிலை விட்டுக் கீழே இறங்கின. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது வெளியே கேட்டிருக்க வேண்டும். வாளி உரசுவது நின்றது. பிறகு மூங்கில் தட்டிக்கு வெளியேயிருந்து அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்.

"முழிச்சிருக்கீகன்னு தெரியும்ணே. வெளிய வராதீக."

நான் வெளியே போகவில்லை.